7. ஆளுக்கொரு தூக்கு: கூடிச் சாப்பிடும் நாளுக்கு என்ன கட்டுவது?

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஒரகடத்தைத் தாண்டினால் வல்லக்கோட்டை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய முருகன் இங்கே ஏறத்தாழ ஏழடி உயரத்தில் நிற்கிறார். கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் கோயில் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. கோயிலிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் சில கிலோமீட்டருக்குள் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று ஏதாவது ஓர் ஆலையின் மதில் வந்துவிடும். வயலும் ஏரியும் இருந்த ஊர்களில் இன்று வரிசை வீடுகளும் விடுதிகளும் நிற்கின்றன. ஒரே வரிசையில் திருவண்ணாமலைக்காரர், தர்மபுரிக்காரர், பீகார்க்காரர், ஒடிசாக்காரர் என்று நாலு கதவு இருக்கும்.

ஷிப்ட் மாறி மாறி வருவதால் இந்த நாலு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது அபூர்வம். அதனால்தான் காணும் பொங்கலுக்கோ, எல்லோருக்கும் வாரவிடுமுறை ஒன்றாக வாய்த்த ஒரு ஞாயிறுக்கோ, “ஆளுக்கு ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வாங்க, எங்கயாவது மரத்தடியில உட்கார்ந்து சாப்பிடலாம்” என்று யாராவது சொன்னால் மனசு துள்ளுகிறது. அடுத்த நொடியே கேள்வி வருகிறது: “அக்கா, நான் என்ன கொண்டு வர?”

அந்தக் கேள்விக்கு இந்த அத்தியாயம் பதில். பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்துக்குச் சமைப்பது வேறு, வழிக்குக் கட்டுவது வேறு. வெளியில் கூடிச் சாப்பிடும் நாளுக்கு வேண்டியது வழிச்சமையல். வீட்டில் இலை போட்டுப் பரிமாறும்போது பேர் வாங்கித் தரும் பதார்த்தம், வெயிலில் நாலு மணி நேரம் தூக்கில் கிடந்தபின் ஆளைக் கிடத்திவிடலாம்.

எண்ண வேண்டிய நேரம் எது?

சில வருடங்களுக்கு முன் ஒரு காணும் பொங்கலுக்கு நான் தேங்காய் சாதம் கட்டிக்கொண்டு போனேன். என் கைக்கு நன்றாக வரும் பண்டம் அது. காலை ஆறு மணிக்குக் கிளறி, ஆவி பறக்க டப்பாவில் அடைத்து மூடினேன். பஸ் பிடித்து, இடம் தேடி, எல்லோரும் வந்து சேர்ந்து, டப்பாவைத் திறக்கும்போது மணி ஒன்றரை. மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் முத்துக்கள். சாதம் கையில் ஒட்டியது. புளித்த வாடை லேசாக வந்தது. “பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருக்கு” என்று வயதான ஒருவர் என் மனசு நோகக்கூடாதென்று கை நீட்டினார். நான் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டேன். அவர் அதைச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அன்று நான் கணக்குப் போட்டது அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தை. போட்டிருக்க வேண்டியது கடைசி ஆள் கடைசி வாய் வைக்கும் நேரத்தை. இறக்கியதிலிருந்து அந்தக் கடைசி வாய் வரை எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணுங்கள். அந்த எண்தான் நீங்கள் எதைச் சமைக்கலாம் என்று முடிவுசெய்யும்.

காரணம் எளிது. சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருக்கும்போது கிருமிகள் பெருகுகின்றன. நம் ஊர் வெயில் எப்போதும் அந்த இடைவெளிக்குள்தான். வாட்டமான சூட்டில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்றில் தொடங்கினால் இரண்டு மணி நேரத்தில் 64, நான்கு மணி நேரத்தில் 4,096, ஆறு மணி நேரத்தில் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். சமைத்த உணவை அறைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

அப்படியானால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நடந்தே கோயில் கோயிலாகப் போன நம் முன்னோர் எப்படிப் பிழைத்தார்கள்? அவர்கள் எல்லாச் சோற்றையும் கட்டவில்லை. சிலவற்றை மட்டும் கட்டினார்கள்.

கட்டுச்சோற்றின் நாலு காவலர்கள்

உணவைக் கெடாமல் காப்பவை நாலு: புளிப்பு, உப்பு, எண்ணெய், ஈரக்குறைவு. இந்த நாலில் எத்தனை உங்கள் பதார்த்தத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். எண்ணெய் தனியாக நின்று காப்பாற்றாது; மற்ற மூன்றோடு சேரும்போது பலம் சேர்க்கும்.

புளியோதரையில் நாலும் இருக்கின்றன. புளியின் அமிலம் கிருமியை எளிதில் வளரவிடாது. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் எண்ணெய் பிரிந்து மிதக்கும்வரை சுண்டவிடுவதால் நீர் வற்றிப்போகிறது. சோற்றின் ஒவ்வொரு பருக்கையிலும் எண்ணெய் பூசிக்கொள்கிறது. கோயில் மடப்பள்ளியிலிருந்து தாத்தாவின் யாத்திரை மூட்டை வரை புளியோதரை இடம் பிடித்தது ருசிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலையைச் சுற்றிவைத்து, மாவை ஊற்றி, நீளமாக ஆவியில் வேகவைப்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் எல்லாம் சேர்வதால் சட்னி இல்லாமலே உள்ளே போகும்; வழியில் கெடும் சட்னியைக் கட்ட வேண்டியதில்லை. இந்தக் காஞ்சிபுரத்துப் பெருமாளே மாட்டுப் பொங்கலன்று பாலாற்றங்கரைப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்குப் புறப்படுகிறார். சித்ரா பௌர்ணமிக்கு ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுகிறார். சாமியே ஊர்விட்டு ஊர் போய் வெளியில் தங்கும் வழக்கமுள்ள மாவட்டம் இது. வழிச்சோற்றின் அருமை இங்குள்ள கைகளுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று அடுக்கு

பதார்த்தங்களை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

*நாள் தாங்குபவை.* காலையில் கட்டினால் மதியம் தாண்டியும் கவலையில்லை:
- புளியோதரை, புளி அவல்
- மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இருபுறமும் தடவிய இட்லி, காஞ்சிபுரம் இட்லி
- எண்ணெய் விட்டுப் பிசைந்து சுட்ட சப்பாத்தி, எண்ணெய் பிரிய வதக்கிய தக்காளித் தொக்கு
- முறுக்கு, தட்டை, கடலை உருண்டை, அதிரசம்
- முழுசான வாழைப்பழம், கொய்யா, ஆரஞ்சு

*மதியம் வரை தாங்குபவை.* தை, மாசியில் காலையில் செய்து மதியத்துக்குள் முடிக்கலாம். கோடையில் கிளம்பும் நேரத்தில்தான் செய்ய வேண்டும்:
- எலுமிச்சை சாதம்
- தயிர் சாதம்
- தேங்காய் போடாத சுண்டல்
- உருளைக்கிழங்கு, வாழைக்காய், சேப்பங்கிழங்கு வறுவல்

*சூடாக இருந்தால் மட்டும்.* கை சுடும் சூட்டில் எடுத்துப்போய், சூடு ஆறுமுன் சாப்பிட வழி இருந்தால் கொண்டுபோகலாம், இல்லையென்றால் வேண்டாம்:
- கோழி, ஆட்டுக்கறி பிரியாணி, முட்டை, மீன்
- சாம்பார் சாதம், பொங்கல்
- தேங்காய் அரைத்துவிட்ட எதுவும்: தேங்காய் சாதம், அவியல், கூட்டு
- பால் பாயசம்

தேங்காய்ச் சட்னியையும் நறுக்கிய பழத்தையும் எந்த அடுக்கிலும் சேர்க்கவில்லை. சட்னியைச் சூடாக வைக்க முடியாது, குளிரவைக்க வழியில்லை. நீரும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது சீக்கிரம் கெடும். இட்லிக்குப் பொடி போதும். பழத்தை முழுசாக எடுத்துப்போய் அங்கே நறுக்குங்கள். கத்தியையும் பழத்தையும் கழுவ நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

தயிர் சாதத்தில் ஒரு நுட்பம் உண்டு. காலையில் முழுக்கத் தயிரே விட்டுப் பிசைந்தால் மதியம் பல் கூசும் அளவுக்குப் புளிக்கும். முழுக்கப் பாலே விட்டால் உறைய நேரமில்லாமல் பால் திரிந்துபோகும் ஆபத்து. சோற்றைச் சூட்டிலேயே குழைத்து, காய்ச்சிய பால் விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் புளிக்காத தயிரைத் தாராளமாகச் சேருங்கள். கடுகு, இஞ்சி, பெருங்காயம் தாளியுங்கள். வெள்ளரி, மாதுளை, வெங்காயம் எல்லாம் தனி டப்பாவில் வந்து, பரிமாறும்போது கலக்கட்டும்.

வெதுவெதுப்பு வேண்டாம்

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். சாதத்தைச் சுடச்சுட டப்பாவில் அடைத்து மூடினால் ஆவி மூடியில் மோதி நீராகி மறுபடி சாதத்தில் சொட்டும். சுண்டவைத்து வெளியேற்றிய ஈரத்தை நீங்களே திரும்ப உள்ளே அனுப்புகிறீர்கள். போதாததற்கு, உணவு கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் கிடக்கிறது.

இரண்டு வழிதான் சரி. முதல் இரண்டு அடுக்குச் சாதங்களை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, சுத்தமான துணியால் மூடி, நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டுப் பதார்த்தங்களைக் கொதிக்கக் கொதிக்க ஹாட்பாக்ஸில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள், இடையில் திறக்காதீர்கள். நிறைந்த ஹாட்பாக்ஸ் இரண்டு மூன்று மணி நேரம் சூடு பிடிக்கும். பாதி நிரப்பியது அதற்குள் ஆறிவிடும்.

“சாப்பிடும் முன்ன சூடு பண்ணிக்கலாம்” என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் விதைகள் வேகும்போதும் சாகாமல் பிழைத்து, சோறு ஆறியபின் முளைக்கும். அது கக்கும் ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கையில் வெட்டுக்காயமோ கட்டியோ இருக்கும்போது அந்தக் கையால் கிளறினால் சேரும் கிருமியின் நஞ்சும் அப்படியே. இந்த நஞ்சுகளுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. முகர்ந்து பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று முடிவுசெய்ய முடியாது. அதனால்தான் மூக்கை நம்பாமல் மணியை நம்பச் சொல்கிறேன்.

இந்த வட்டாரத்துக்கு இது புதுப் பாடம் இல்லை. 2021 டிசம்பரில் ஒரு தொழிற்சாலைப் பெண்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களின் தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுவது என்று முடிவுசெய்யும் இடத்தில் இல்லை. மரத்தடியில் கூடும் நாளில் முடிவுசெய்யும் இடத்தில் நாம் இருக்கிறோம். நம் தூக்கில் கை வைப்பவர் நம்மை நம்பித்தான் கை வைக்கிறார்.

ஷிப்ட்காரரின் கால அட்டவணை

செகண்ட் ஷிப்ட் முடித்து நடுராத்திரி அறைக்கு வருகிறவர் காலை நாலரைக்கு எழுந்து சமைக்க முடியாது. அதற்காக ராத்திரியே சோறு வடித்துக் கிளறி மேடையில் வைத்துவிட்டுத் தூங்குவது பெரிய ஆபத்து. இறக்கியதிலிருந்து கடைசி வாய் வரை பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதல் நாளே செய்யத்தக்கவை: புளிக்காய்ச்சல், இட்லி மிளகாய்ப்பொடி, தொக்கு, வறுத்த வேர்க்கடலை, அரைத்த மாவு. புளிக்காய்ச்சல் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். காலையில் செய்ய வேண்டியவை: சோறு வடிப்பது, கிளறுவது, ஆறவைப்பது, கட்டுவது. ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும் என்றால் எட்டு மணிக்கு உலை வையுங்கள். எட்டரைக்கு வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெயும் கொஞ்சம் மஞ்சளும் விட்டு விசிறுங்கள். பழைய அரிசி உதிரியாக வேகும். புது அரிசி குழையும். ஒன்பதுக்குப் புளிக்காய்ச்சலைக் கலந்து, மறுபடி ஆறவிட்டு, ஒன்பதே காலுக்குக் கட்டுங்கள். வறுத்த கடலையைக் கடைசியில் தூவினால் மொறுமொறுப்புப் போகாது.

காஞ்சிபுரம் இட்லிக்கு வீட்டுவழி: பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து சமபங்கு ஊறவைத்து, ரவைபோலக் கொரகொரப்பாக அரைத்து, உப்பும் கொஞ்சம் புளித்த தயிரும் சேர்த்துப் பொங்கவிடுங்கள். காலையில் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, சீரகம், சுக்குப்பொடி, பெருங்காயம், கறிவேப்பிலையை நெய்யிலோ நல்லெண்ணெயிலோ தாளித்துக் கொட்டி, எண்ணெய் தடவிய எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு ஊற்றி இருபது நிமிடம் ஆவியில் வையுங்கள். குச்சி விட்டால் ஒட்டாமல் வரவேண்டும். ஆறியதும் வட்ட வட்டமாக நறுக்கிக் கட்டலாம்.

எதில் கட்டுவது?

புளி சேர்ந்த பண்டத்தை அலுமினியத்திலோ ஈயம் பூசாத பித்தளையிலோ வைக்காதீர்கள். அமிலம் உலோகத்தை அரித்து உணவில் கலக்கும். எவர்சில்வர் தூக்கு நம் காலத்தின் வரம். வாழையிலையில் கட்டுவதானால் தணலில் லேசாக வாட்டிக்கொள்ளுங்கள். கிழியாமல் மடியும், சோற்றுக்கு மணமும் ஏறும்.

செய்தித்தாளில் உணவை நேரடியாகப் பொதியாதீர்கள். அச்சு மை உணவில் ஏறுகிறது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பிளாஸ்டிக் இலை, பிளாஸ்டிக் கப் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டவை. மஞ்சப்பையில் தட்டும் டம்ளரும் எடுத்துப்போங்கள்.

எவ்வளவு கொண்டுபோவது?

பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் “பன்னிரண்டு பேருக்கும் பத்தணுமே” என்று கவலைப்பட்டு அண்டா அண்டாவாகச் சமைத்தால் முக்கால்வாசி குப்பைக்குப் போகும். வயிறு பன்னிரண்டுதான்.

ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்குச் சுமார் 150 கிராம் அரிசி போதும். பன்னிரண்டு பேருக்கு 1,800 கிராம். நாலு பேர் சாதம் கொண்டுவந்தால் ஆளுக்கு 450 கிராம், அரைக்கிலோவுக்கும் குறைவு. உங்கள் பங்கில் எல்லோருக்கும் இரண்டு கைப்பிடி வந்தால் கணக்குச் சரி.

பன்னிரண்டு பேர் எப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு மாதிரி:
- சாதம் அல்லது இட்லி, சப்பாத்தி வகை: 4 பேர்
- வறுவல், தொக்கு, சுண்டல்: 3 பேர்
- நொறுக்குத் தீனி, இனிப்பு: 2 பேர்
- பழம்: 1
- குடிதண்ணீர், மோர்: 1
- வாழையிலை, டம்ளர், கரண்டிகள், சோப்பு, குப்பைப் பை: 1

கடைசி மூன்றும் அடுப்பில்லாத அறைக்காரருக்கு. விடுதியில் தங்கும் பிள்ளைகள் “நாங்க ஒண்ணும் செய்ய முடியாதே” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கவிடாதீர்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிற தம்பி இல்லாவிட்டால் மற்ற பதினொருவரின் சமையலும் தொண்டையில் நிற்கும். பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் மூன்றையும் தனித்தனியாக வாங்கிவந்து அங்கேயே கலந்து தரலாம். அவலை அலசி, வெல்லமும் நசுக்கிய வாழைப்பழமும் சேர்த்தால் இனிப்பு ஆயிற்று. பத்து விரல் சுத்தமாக இருந்தால் போதும்.

கையில் காசிருப்பவர் பக்கெட் பிரியாணி வாங்கிவர விரும்பினால் வரட்டும். எல்லோரும் உட்கார்ந்தபின் போய் வாங்கிச் சூடாக வந்து சேரட்டும். முதலில் பரிமாறி முடித்துவிடுங்கள். ஆனால் மாதக்கடைசியில் யார் கையிலும் காசு நிற்காது. செலவு வைக்கும் பண்டத்தை யாரிடமும் கேட்காதீர்கள். எது வந்தாலும் ஒரே வரிசையில் வையுங்கள்.

கேட்டுவிட்டுச் சமையுங்கள்

சமைக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேர்? எத்தனை மணிக்குச் சாப்பாடு? யார் எதைச் சாப்பிடமாட்டார்கள்?

மூன்றாவது கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். கிருத்திகை விரதக்காரர் இருக்கலாம். ரம்ஜான் மாதமாக இருக்கலாம். அப்படியானால் பொழுது சாய்ந்தபின் கூடினால் என்ன? வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கலாம். வேர்க்கடலை போட்ட புளியோதரையைத் தனித் தூக்கில், தனிக் கரண்டியோடு, சொல்லிவிட்டு வையுங்கள். அசைவம் ஒரு பக்கம், சைவம் ஒரு பக்கம், கரண்டி மாறாமல் இருந்தால் இருவரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். கோயிலை ஒட்டி உட்காருவதானால் அன்றைக்கு எல்லாமே சைவமாக இருக்கட்டும். குளத்தில் இலை போடுவதும் பாத்திரம் கழுவுவதும் கூடவே கூடாது.

பரிமாறும்போது ஒவ்வொரு தூக்குக்கும் ஒரு கரண்டி. கரண்டி பிடிப்பவர் சோப்பு போட்டுக் கை கழுவியவராக இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் முதலில் வையுங்கள். மிச்சத்தில் நாள் தாங்கும் பண்டங்களை மட்டும் பங்கு போடுங்கள். சூட்டுப் பதார்த்தமும் தயிர் சாதமும் மிஞ்சினால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். அத்தனையும் மீறி யாருக்காவது வாந்தியும் பேதியும் வந்தால் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ரத்தம் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குழந்தை சோர்ந்து விழுந்தாலோ காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரயிலுக்கு என்ன கட்டினார்கள்?

இவ்வளவையும் மனசில் வைத்துக்கொள்ள முடியாது என்பவருக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுப்போகிறேன். இந்த வட்டாரத்தில் வேலைக்கு வந்த ஒவ்வொருவரும் ஒருநாள் ஊரிலிருந்து பஸ்ஸோ ரயிலோ ஏறி வந்தவர்கள். அந்த முதல் பயணத்துக்கு வீட்டில் என்ன கட்டிக்கொடுத்தார்கள்?

திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் பொடி தடவிய இட்லி என்பாள். நெல்லூர்க்காரர் புளிஹோரா என்பார். நம் புளியோதரைதான், தாளிப்பு வேறு. பீகார்க்காரரைக் கேளுங்கள். வறுத்த கடலைமாவை உள்ளே அடைத்துத் தணலில் சுட்ட கோதுமை உருண்டையைச் சொல்வார். லிட்டி என்று பேர். சட் பண்டிகைக்குக் கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து பொரிக்கும் தேக்குவா பல நாள் கெடாது. இவை எல்லாவற்றிலும் அதே காவலர்களில் சிலராவது நிற்கிறார்கள்: ஈரக்குறைவோ, புளிப்போ, உப்போ, எண்ணெயோ.

இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வரப்போகும் பிள்ளைக்கு எது கெடாமல் இருக்கும் என்று யோசித்து ஒரு தாய் கட்டிய பண்டம் அது. ஒவ்வொரு ஊரும் தன் வெயிலுக்கும் தன் தூரத்துக்கும் சோதித்துப் பார்த்துத் தேறியதைத்தான் கட்டிக்கொடுக்கும். அதனால் பக்கத்துக் கதவைத் தட்டும்போது “என்ன கொண்டு வர்றீங்க?” என்று கேட்காதீர்கள். “உங்க வீட்ல ரயிலுக்கு என்ன கட்டிக் கொடுத்தாங்க? அதையே கொண்டு வாங்க” என்று கேளுங்கள். கேட்டவுடன் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். செய்முறை தெரியாவிட்டால் அன்றிரவே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்பார்.

கிளம்பும் முன் ஒருமுறை

- இறக்கியதிலிருந்து கடைசி வாய் வரை எத்தனை மணி நேரம்? என் பண்டம் அந்த அடுக்கில் இருக்கிறதா?
- நன்றாக ஆறிவிட்டதா, அல்லது கை சுடச் சூடாக இருக்கிறதா? நடுவில் இல்லையே?
- தேங்காய், பால் (தயிர் சாதம் நீங்கலாக), முட்டை, கறி ஏதாவது சேர்ந்திருக்கிறதா? அதற்கு ஹாட்பாக்ஸ் உண்டா?
- என் கையில் காயம் இல்லையே?
- தனிக் கரண்டி வைத்தேனா?
- இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியுமா?

ஆறுக்கும் பதில் சரியென்றால் தூக்கை மூடிக் கிளம்புங்கள்.